துருத்திக் கை

எங்கள் பெருமாட்டி கிராமத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே ஜாஸ் பியானோ வாசிக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்றால் பக்கத்து ஊர்க்காரர்களே நம்பமாட்டார்கள். மூணாறு விடுதிகளில் பல வருடம் வாசித்தவர். அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். மலையில் இன்று கீபோர்டு வாசிக்கும் பலர் அவரிடம் பழகியவர்கள்தான். எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர்.

நான் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவன். ஐம்பது வயதுக்கு மேல் ஆசை வந்து அவரிடம் போய் உட்கார்ந்தேன். வலது கை எப்படியோ சமாளித்தது. இடது கைதான் மானத்தை வாங்கியது. ஆர்மோனியத்தில் அதற்கு ஒரே வேலை, பெட்டிக்குப் பின்னால் துருத்தியை அசைத்துக் காற்று ஏற்றுவது. பியானோ முன்னாலும் அது கட்டைகளைத் தொடாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, அந்தக் கைக்குச் சொல்லுங்க, இங்க காத்து வேண்டாமுங்க," என்பார். கோபித்துக்கொண்டு வந்துவிடுவேன். மறுவாரமே போய் நிற்பேன்.

போன மழைக்காலத்தில் வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. அதன்பிறகு பியானோவைத் திறக்கவில்லை. மறையூரில் ஒரு விடுதிக்குக் கொடுத்துவிட்டதாகவும், சனிக்கிழமை வண்டி வருவதாகவும் அவர் மனைவி சொன்னார். பியானோ போனால் மனிதர் ஒடிந்துபோவார் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். கேட்காமலே மூடியைத் திறந்து, பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, ஒழுங்காகத் தெரிந்த ஒரே மெட்டை வலது கையால் ஆரம்பித்தேன்.

"மூடி வெச்சுட்டுப் போங்க," என்றார் கட்டிலில் இருந்தபடி. காதில் விழாதவன் போல வாசித்தேன். அடியில் தாங்க எதுவுமில்லாமல் மெட்டு அம்போவென்று நின்றது. அதை அவரால் பொறுக்க முடியவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, என் இடப்பக்கம் உட்கார்ந்து, இடது கையைக் கட்டைகளில் வைத்தார்.

முதலில் முட்டிக்கொண்டோம். பிறகு அந்தக் கை என் மெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

நடுவில் அவர் நெளிந்தார்.

"ஏனுங்க, என்ற முதுகு என்ன ஆர்மோனியப் பெட்டிங்களா?"

பார்த்தால், என் இடது கை அவர் முதுகில் துருத்தி போட்டுக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு எடுத்துக்கொண்டேன்.

மெட்டு முடிந்ததும் மனைவியிடம், "நாளைக்கு வண்டி வர வேண்டாம்னு சொல்லிரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மறுக்கா ஆரம்பிங்க. கை அங்கயே இருக்கட்டுமுங்க."