நெல் குவியலுக்கு அறுபதாம் கல்யாணம்

அரசுக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அத்தையின் குறுவை நெல், ஒரு நாள் சாக்கு இல்லை, ஒரு நாள் ஈரம் என்று பதினெட்டு நாளாக எடை போடாமல் கிடந்தது. மூடியிருந்த படுதா காற்றில் தூக்காமலிருக்க ஓரத்தில் செங்கல் வைத்தபடி அத்தை சொன்னாள்: "திருக்கடையூர் போயி இதுக்கு அறுபதாம் கல்யாணமே பண்ணிடலாம்டி. எனக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல." அவள் அடுத்த செங்கல்லைத் தேடிப் போய்விட்டாள். எனக்குள் நாடகம் ஓட ஆரம்பித்துவிட்டது. கல்லூரியில் தெருநாடகம் போட்டுப் பழகியவர்கள் நாங்கள் ஐந்து பேர். சாயங்காலத்துக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டோம்.

குவியலுக்குப் பட்டுப்புடவை சுற்றி மாலை போட்டோம். பெண்ணுக்கு அறுபது வயதாகியும் முதல் கல்யாணமே ஆகவில்லை, மாப்பிள்ளை சாக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் கதை. புரோகிதர் வேடம் எனக்கு. ஆனால் நான் செய்து காட்டியது அந்த நிலையத்தில் நெல்லைப் பார்த்து வாங்கிக் கணக்கெழுதும் பட்டியல் எழுத்தரை. துண்டால் பிடரியைத் துடைப்பது, நெல்லுக்குள் கையை விட்டு ஒரு மணியைக் கடிப்பது, பெருமூச்சோடு "ஈரம் ஜாஸ்தி, நாளைக்குப் பாக்கலாம்" என்பது என எல்லாவற்றையும் மந்திரம் ஓதுவது போலச் செய்தேன். "ஏய், அப்படியே அவருதான்டா!" என்று கூட்டம் புரண்டு சிரித்தது. எடைமேடைப் பக்கம் நின்றிருந்த எழுத்தரும் சிரித்தார். அதை என் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

வீடியோ கைபேசி கைபேசியாகப் போனது. மூன்றாம் நாள் ஜீப்பில் வந்த அதிகாரி, "நீங்க கேட்டபடி நடவடிக்கை எடுத்தாச்சு, அந்த ஆள நிறுத்திட்டோம்" என்றார். நாங்கள் கை தட்டினோம். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஒரு வாரம் கதவில் பூட்டு தொங்கியது. அதற்குள் இரண்டு மழை. குவியலின் அடியில் கையை விட்டுப் பார்த்த அத்தை, வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட நெல்லை அள்ளிக் காட்டினாள்.

"கல்யாணப் பொண்ணு முளைப்பாரி எடுத்துட்டா, பாத்தியா?"

யாரும் சிரிக்கவில்லை.

எழுத்தரின் வீட்டுக்குப் போனேன். பருவத்துக்கு மட்டும் வேலை பார்ப்பவர் என்பதே அங்கேதான் தெரிந்தது. "மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"நடிப்பு நல்லாத்தாம்மா இருந்துச்சு. சாக்கு கேட்டு தினம் நான் யாருக்கு போன் பண்ணுனேன்னு உங்க நாடகத்துல ஒருத்தருமே கேக்கலையே?"

சட்டென்று அவர் குரல் தடித்தது. "இருக்கறத வச்சு ஓட்டுய்யா! எனக்கு மீட்டிங் இருக்கு!" அடுப்படியில் அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். ஜீப்பில் வந்த அந்த அதிகாரியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுத்தர் பேசிக் காட்டியதில் அவருடைய மூக்கு நுனிக் கண்ணாடி வரை தெரிந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மேலே இருந்தவர்களுக்கு அதைவிட வசதி என்ன இருந்திருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை விவசாயிகள் குறைதீர் கூட்டம். ஆட்சியர் அலுவலக வாசலில் மறுபடி கல்யாணம் வைக்கிறோம். முளைத்த நெல்லைக் கூடையில் அத்தையே சுமந்து வருகிறாள். மிச்சம் காய்ந்த நெல்லையாவது அடுத்த மழைக்குள் எடுக்கவைக்க வேண்டும். எழுத்தர் முகம் காட்டமாட்டார், காட்டினால் அடுத்த பருவத்துக்கும் வேலை கிடையாது. பேனருக்குப் பின்னால் நின்று அதிகாரியின் குரலை மட்டும் கொடுக்கிறார். வசனம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? மூணு வாரமா தினம் கேட்டதுதானே" என்றார்.