அக்கா எடுத்த முந்நூற்றெட்டு

அக்காவின் வலது தோளில் கன்றியிருந்த அந்தக் கருநீல நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கியூபெக்கில், செயின்ட்-மிஷேல் வீட்டுக் குசினியில், சட்டைக் கழுத்தை விலக்கிப் பெருமையோடு காட்டினாள். சுடப் பழகப் போன முதல் நாள் அது. அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. "துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து நீ அதைத் தூக்கிறியோ?" என்றார். "ஓம். அங்க அது எங்களைப் பாத்தபடி நிண்டது. இஞ்ச நான் அதுக்குப் பின்னால நிக்கப் போறன்" என்றாள் அக்கா.

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது அவளுடைய வேலை. கூட வேலை செய்த கியூபெக்காரி ஒருத்தி ஒவ்வொரு இலையுதிர் காலமும் மூஸ் வேட்டைக்குப் போவாள். குதிரையைவிட உயரமான காட்டு மான் அது. "நீயும் வாவன்" என்று அவள் பகிடியாகத்தான் கேட்டாள். அக்கா வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரத்தோடு வந்து நின்றாள். தோள் கன்றியது அந்தத் தோழியின் 30-06 துவக்கு உதைத்ததில்.

சொந்தத் துவக்கு வாங்க, பிரெஞ்சு கதைக்க என்னையும் கூட்டிப் போனாள். கடைக்காரர் இரண்டு ரவைகளை நிறுத்திவைத்தார். 30-06 சற்று நீளம், 308 சற்றுக் கட்டை. நுனியில் இருக்கும் சன்னம் இரண்டுக்கும் ஒரே தடிப்பு. நீளமானதில் வெடிமருந்து கூட; வேகமும் உதைப்பும் கொஞ்சம் கூட. "மூஸுக்கு நீளமானது. கட்டையானது பொம்பிளையளுக்கு" என்று சிரித்தார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவளுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. ரோசத்தில் பெரியதைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை சுடப் பழகும் இடத்துக்குத் தோழி தன் தம்பியின் 308ஐயும் கொண்டுவந்தாள். நீளமானதைச் சுடும்போது, உதைக்கு முன்னரே அக்காவின் கண் மூடியது. ஐந்து சூடும் பலகையில் சிதறின. கட்டையானதில் ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. திரும்பக் கடைக்குப் போனோம். "பெரிசு எண்டு காட்டிறதுக்கு அவரே அதை வாங்கட்டும். நான் குறி தப்பாததை வாங்கிறன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லு" என்றாள். விடாமல் சொன்னேன்.

அந்த வருஷமே, வேட்டையின் மூன்றாம் காலை, ஒரே சூட்டில் மூஸ் விழுந்தது. இறைச்சியைத் தனக்கு வேண்டாம் என்றார் அத்தான். "வேண்டாமெண்டால் விடுங்கோ. வாற வருஷமும் போவன்" என்றாள். போனாள். மூன்றாம் வருஷம் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டது அத்தான்தான்.

இப்போது அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் நோகிறது. போன மாதம், "வேட்டைக்குப் போனது காணுமே அக்கா, இனி விடன்" என்றேன்.

"ஆரடா சொன்னது?" என்றாள்.