தூக்கிய கைக்கு மார்க் உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில், வெயிலில் வெந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கேட்டிங் போட்டி பார்த்தேன். ஐஸ் ஸ்கேட்டிங் அல்ல... நம் ஊரில் ஐஸ் சர்பத்துக்கே பத்தாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, சிமென்ட் தளத்தில் பாட்டுக்கு ஆடி, தாவி, சுழல்கிற ஸ்கேட்டிங்.

ஆடப்போகிறவள் என் தங்கை மகள் தாரணி. ஒன்பதாம் வகுப்பு. முதலிடம் வந்தால் மாநிலப் போட்டி. இல்லாவிட்டால் ஒரு கப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

சிக்கல் என்னவென்றால் — கும்மி. எங்கள் பக்கம் இப்போது கோயில் விசேஷம் எதுவும் வள்ளி கும்மி இல்லாமல் நடப்பதில்லை. தாரணியும் ஆடுவாள். அந்த அடவையும் கைதட்டலையும் சக்கரத்தின் மேல் ஏற்றி, தன் ஆட்டத்தின் நடுவில் வைத்திருந்தாள். பார்க்க அத்தனை அழகு. கோச் பார்த்தார்.

"இதுக்கு மார்க் ஷீட்டுல இடமே இல்லம்மா. எடுத்துட்டு இன்னொரு சுத்து போடு."

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நாலு புத்தகம் படித்தவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர்.

"ஏனுங்க மாமா, கும்மிய எடுத்துறட்டுங்களா?"

விதிகளைப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுவாரசியம்! ஐஸில் ஆடுகிறவர்களுக்கு, ஆட்டத்தின் பின்பாதியில் தாவினால் கூடுதல் மார்க் என்றார்களாம். களைத்த காலோடு தாவுவது கஷ்டம், நியாயம்தான். என்ன ஆயிற்று? முன்பாதியில் சும்மா வளைய வந்துவிட்டு, தாவலையெல்லாம் பின்பாதியில் அடுக்கினார்கள் சிலர். பிறகு அதற்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாவினால் கூடுதல் மதிப்பு என்றார்கள். ஆளாளுக்குத் தூக்கினார்கள். வித்தை நிஜமாகவே வளர்ந்தது. கூடவே, ஆளுக்கு ஆள் வித்தியாசம் உடையில் மட்டும் என்றும் ஆயிற்று.

நாமக்கல் போட்டியிலும் அந்தக் கை விதி இருந்தது.

"கும்மிய எடுத்துடு சாமி," என்றேன். பத்திரிகைப் பத்தியில் வீரமாக எழுதுவது வேறு. தங்கை மகளுக்கு யோசனை சொல்வது வேறு இல்லையா?

போட்டி தொடங்கியது. முதல் பெண் கையைத் தூக்கித் தாவினாள். அடுத்தவளும். அதற்கடுத்தவளும். கொஞ்ச நேரத்தில் எனக்கு, நிற்காமல் போகிற டவுன் பஸ்ஸை மறிக்கிற கூட்டம் மாதிரி தெரிந்தது.

பக்கத்தில் தாரணியின் அப்பா — லாரி ஓட்டிச் சொந்த லாரி வாங்கியவர் — கொட்டாவி விட்டார்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்கு நிக்கற லாரியாட்டவே இருக்குதுங்க மச்சான். எல்லாம் ஒரே பளபளப்பு. லோடு ஏத்தி மலை ஏறுனாத்தான் எது வண்டின்னு தெரியும்."

"உங்க பொண்ணுக்கும் அதே பெயிண்ட்தான் மாப்ள. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"அட... அவ எப்பங்க நாம சொல்றதக் கேட்டா?"

தாரணி வந்தாள். நடுவில் கும்மியைக் காணோம். கோச் சொன்ன சுத்து இருந்தது. எனக்கு நிம்மதி... கொஞ்சம் வருத்தமும். பிறகு தாவினாள். கைகள் தலைக்கு மேல் போயின. போன கைகள் சும்மா இருக்கவில்லை.

பட்!

காற்றில் ஒரு கும்மித் தட்டு. தடுமாறாமல் இறங்கினாள். அடுத்த தாவல் — பட்! அதற்கடுத்த தாவலில் கூட்டமே சேர்ந்து தட்டியது. கோச் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். விதிப் புத்தகம் முன்னும் பின்னும் புரண்டது. தூக்கிய கைக்கு மார்க் உண்டு என்று இருந்தது. தூக்கிய கை தட்டக்கூடாது என்று எங்குமே இல்லை.

முதலிடம்!

"கும்மிய எடுக்கச் சொன்னேனே சாமி?"

"கீழ தட்டுனாத்தானுங்க மாமா மார்க் இல்ல? மேல தட்டுனா உண்டுங்களே!"

விதி எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்று நான் மேடைகளில் முழங்கியிருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் செய்வது, என்னைப்போல யோசனை சொல்கிறவர்கள்.

மாநிலப் போட்டிக்கு யோசனை கேட்டுத் தாரணி இதுவரை என்னிடம் வரவில்லை. தேறிவிடுவாள்!