வழியில் நின்ற சவ வண்டி

சவ வண்டி ஓட்டுகிறவனுக்கு ஜார்ஜ் டவுனில் ஹார்ன் தேவையில்லை, பஸ்காரன்கூட ஒதுங்கி வழிவிடுவான். எனக்கு வழிவிடாதவன் ஒருவன்தான். பெயர் தேவராஜ். என் வண்டியில் இடது பக்கத்து இருக்கையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து வந்தவன். அவன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன், ஏனென்றால் நான் மறக்கிற ஆள் இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நோயின் பெயரை டாக்டர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் வாயில் நின்றது. புராஸ்டேட்டில் புற்று. எட்டு வாரம் கதிர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், புற்று அடங்கிவிட்டது என்றார்கள். மற்றது எதுவும் அடங்கவில்லை. அதே கட்டிலில் படுத்து எழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூத்திரம் வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில், சட்டைப் பொத்தானைப் போடும் நேரம்கூடக் கிடைக்காது.

என் தொழிலிலோ வண்டி நிற்கக் கூடாது. வீட்டில் எடுத்தால் சுடலையில்தான் நிறுத்த வேண்டும். நடுவில் நின்றால், இடம் வந்துவிட்டதென்று நினைத்துச் செத்தவர் இறங்கிவிடுவார் என்பார்கள். சிவப்பு விளக்கில் நிற்காமல் முடியாதே, அதற்கு எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பக்கத்து இருக்கைக்காரன் பின்னால் இருக்கிற தடுப்பை மூன்று தடவை தட்டி, செத்தவரின் பெயரைச் சொல்லி, "இன்னும் வரல, இறங்காதீங்க" என்று சொல்ல வேண்டும். அது தேவராஜின் வேலை.

கண்ணாடியில் மூச்சு

ஊசி போட்ட உடம்பில் நினைத்தாற்போல் சூடு கிளம்பும். நெஞ்சிலிருந்து மண்டை வரை அடுப்பில் வைத்த மாதிரி இருக்கும், சட்டை நனைந்துவிடும், பிறகு குளிர் நடுக்கும். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெரியவரை எடுத்துக்கொண்டு போன நாளில் அப்படி வந்தது. பெட்டி இருக்கும் பக்கம் ஏர்கண்டிஷன் கடுமையாக ஓடும். எனக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. என் சூடு அதில் பட்டு, பனி மாதிரி படிந்து படிந்து விலகியது.

பெட்டிக்குப் பக்கத்தில் பிடிவாதமாக ஏறி உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், கண்ணாடியில மூச்சு படியுது! அப்பாவுக்கு உயிர் இருக்கு, ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க!" என்று தடுப்பை அடித்தாள். அது என் உடம்புச் சூடு என்று அந்தப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சுடலை வாசலில் சூடு தணிந்தது, கண்ணாடியும் தெளிந்தது. கதவைத் திறந்தபோது அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துச் சொன்னாள்: "இப்பத்தான் நின்னுச்சு அங்கிள். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

தட்டாமல் விட்ட நாள்

கெலுகோரில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். பின்னால் சொந்தக்காரர்களின் காடிகள், கார் வேன் என்று பத்துப் பதினைந்து. ஜெலுத்தோங் சாலைக்கு வரும்போதே உள்ளே கட்டியிருந்த டயப்பர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. பெட்ரோல் ஸ்டேஷனில் வண்டியை ஒடித்து நிறுத்தினேன். "தேவா, தட்டு!" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவனோடு ஓட்டிய ஒன்பது வருஷத்தில் சுடலைக்குப் போகிற வழியில் நானாக வண்டியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தால் அவன் இருக்கையில் இல்லை. முதல் காடியின் ஜன்னலில் சாய்ந்து நின்று, வாத்தியாரின் மூத்த மகனிடம் பேசிக்கொண்டிருந்தான். "அண்ணனுக்கு அடக்க முடியாதுலா. டயப்பர் கட்டிக்கிட்டுத்தான் ஓட்டுறாரு. அந்த இடத்துல லைட்டு வச்சாங்கள்ல, எல்லாம் போச்சு." அப்பாவைப் பெட்டியில் வைத்திருக்கிற வீட்டார் சிரித்தார்கள். நான் அதைக் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்து, தட்டினாயா என்று மட்டும் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அடடா, மறந்துட்டேன்ணே."

கூட வந்த பெரியவர்

அந்தச் சேதி ஊரைச் சுற்றியது. "டயப்பர் டிரைவர் வேண்டாம், வேற ஆள அனுப்புங்க" என்று வீட்டுக்காரர்கள் முதலாளியம்மாவுக்குப் போன் அடித்தார்கள். வாரம் நான்கு நடை போனவன் ஒன்று போனேன். தேவராஜிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் குடும்பத்துக்கு முன்னால் வந்து, "அண்ணனைப் பத்தி அப்படிச் சொன்னது தப்பு" என்று ஒரு வார்த்தை. "சொல்றேன்ணே, என்ன அவசரம்" என்பான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே வண்டியில் போனோம். என்னோடு பேசமாட்டான். பின்னால் படுத்திருப்பவரோடு மட்டும் பேசுவான்.

வாத்தியாரை எரித்து ஒரு வாரம் இருக்கும். அதே பெட்ரோல் ஸ்டேஷனில் வெறும் வண்டியோடு அவசரத்துக்கு நிறுத்தினேன். வெளியே வந்து கல்லாவில் ஒரு தண்ணீர் போத்தல் எடுத்தேன். கல்லாவில் இருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். டாய்லெட் கதவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, போன வாரம் உங்க பின்னாடியே வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் உள்ள போனாரே, அவரு வெளிய வந்ததை நான் பாக்கவே இல்ல. உங்க கூட வந்துட்டாரா?"

பத்து வரை எண்ணுவது

அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் உடம்பு சொல்லிவைத்த மாதிரி அங்கேயே கேட்கும். வேறு எங்கே அடங்கினாலும் அங்கே அடங்காது. ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி, பொறுமையான நர்ஸ், எனக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மூத்திரத்தை நடுவில் நிறுத்துகிற மாதிரி கீழே இறுக்கிப் பிடித்து, பத்து வரை எண்ணி விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. நான் ஆறு வேளை செய்தேன். தேவராஜ் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறி எனக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுவேன். புருஷன் பெண்சாதி விஷயமெல்லாம் ஊசியோடு முடிந்துவிட்டது, என் மனைவி ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் எண்ணும்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எட்டு வரை எண்ணி மூச்சு வாங்கி நிறுத்திவிட்டேன். அவள் கதவோரம் வந்து நின்று அறைக்குள் சுற்றிப் பார்த்தாள். "ஒன்பது, பத்து சொன்னது யாருங்க?" என்றாள்.

பிறகு சொல்கிறேன்

இரண்டு வருஷத்தில் டயப்பர் சின்னதாகி, பிறகு ஒரு மெல்லிய துணியாகிவிட்டது. அப்போது தேவராஜ் படுத்துவிட்டான். நுரையீரல். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். முதலாளியம்மா சொன்னதால் போனேன்.

மூக்கில் குழாயோடு பாதி உடம்பாகக் கிடந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரியும்படி உட்கார்ந்தேன். வாத்தியாரின் மகன் வேண்டாம், யாரும் வேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாலே போதும் என்று அன்றைக்கு மனசு இறங்கியிருந்தேன். அவன் உதடு அசைந்தது. பழக்கதோஷம், விரல் கட்டில் கம்பியை மூன்று தடவை தட்டியது. பிறகு சொன்னான்: "இங்க வேணாம்ணே. பிறகு சொல்றேன்."

எங்கும் நிற்காமல்

நான்கு நாளில் போய்விட்டான். வீடு கெலுகோர், வழி ஜெலுத்தோங். நான்தான் ஓட்டுவேன் என்று கேட்டு வாங்கினேன். பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்றவில்லை. சிவப்பு விளக்கு விழுந்தால் நானே தட்டிச் சொல்லிக்கொள்வேன் என்றேன். ஒரு விளக்கும் விழவில்லை. வீட்டிலிருந்து சுடலை வரை எல்லாம் பச்சை. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

பெட்ரோல் ஸ்டேஷன் தெரிந்தது. தொடையை இறுக்கிக்கொண்டு எண்ணத் தயாரானேன். உடம்பு ஒன்றுமே கேட்கவில்லை. கதிர் வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி எனக்கு இருந்ததில்லை. சரியாக ஸ்டேஷன் வாசலில், பின்னாலிருந்து தடுப்பில் மூன்று தட்டுக் கேட்டது. மாலை மாட்டிய கம்பி இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் காடிகளில் வருகிறவர்கள் பார்க்கட்டும், டயப்பர் டிரைவர் நிற்காமல் போகிறான் என்று ஊர் பார்க்கட்டும் என்று காலை அழுத்தினேன்.

சுடலையில் நனையாத கால்சட்டையோடு இறங்கினேன். கதவைத் திறந்தேன். மாலைக் கம்பி வண்டியிலேயே இல்லை, வீட்டுவாசலில் மறந்து விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தேவராஜின் மனைவி மெதுவாக என் பக்கம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன். அவள் சொன்னாள்: "ஏன்ணே நிறுத்தல? 'அண்ணன் ஜெலுத்தோங்குல கண்டிப்பா நிறுத்துவாரு, தப்பு பண்ணின இடத்துல வச்சே சொல்லிக்கிறேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நிற்கக் கூடாத நாளிலெல்லாம் என்னை நிறுத்தி மானத்தை வாங்கிய உடம்பு, நிற்க வேண்டிய அந்த ஒரே நாளாகப் பார்த்துக் குணமாகிவிட்டது, தேவராஜ் எனக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.