அவளுக்குப் பண்ணினதே எனக்கும்

பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. நகை இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, முதல் வகுப்பில் தேறிய பிள்ளை இருக்கிறான். என் பெரிய மதினி தங்கபுஷ்பம் பொறாமைப்பட்டது ஒரு தையல் தழும்பைப் பார்த்து. எழுபத்து நாலாம் வருஷம் முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

வீடு என் அண்ணன்மாருடையது. தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரம். பெரிய அண்ணன் கணேசமூர்த்தியும் சின்ன அண்ணன் வெள்ளைத்துரையும் சேர்ந்து உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை நடத்தினார்கள். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு தவறாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்த வாரத்துச் சண்டையையும் தீர்த்து வைத்துவிட்டு வருவேன். சண்டைக்கெல்லாம் மூலம் எங்கள் அப்பா போட்ட சட்டம்தான். இரண்டு மருமகள்களுக்கும் எது எடுத்தாலும் ஒன்று போலவே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். ஒரே தறிப் புடவை, ஒரே எடைச் சங்கிலி. பொறாமை வரக் கூடாதென்று செய்த ஏற்பாடாம். இருவரும் எதை வாங்கினாலும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கப் பழகியதுதான் மிச்சம்.

உடம்பும் ஒன்று போலவே பெருத்திருந்தது. சின்ன மதினி சுந்தரவல்லிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். பட்டினி, கொள்ளுக் கஞ்சி எல்லாம் பார்த்துச் சலித்து, மயிலாப்பூரில் நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் வேதாந்தத்திடம் போனாள். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சிறுகுடலின் பெரும்பகுதிக்குள் சாப்பாடு போகாமல் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை இணைத்துத் தைத்தார். தின்றது உடம்பில் ஒட்டாது. ஒரு வருஷத்துக்குள் சின்ன மதினி பாதியாகிவிட்டாள்.

மாம்பலத்தில் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, "வெள்ளைத்துரை ரெண்டாந்தாரம் கெட்டியிருக்கானா?" என்று கேட்டாள். பெரிய மதினி பக்கத்தில்தான் நின்றாள். வயிறு எரிந்தது அவளுக்கு. எரிந்ததை என்னிடம் ஒளிக்கவும் இல்லை.

"முன்னால ரெண்டு பேரையும் சேத்துப் பாப்பாக மீனாட்சி. இப்ப என்னை மட்டும் பாக்குதாக" என்றாள்.

அதோடு விட்டதா? சின்ன அண்ணன் தன் அறையை ஒட்டிப் புதிதாகக் குளியலறையும் கக்கூஸும் கட்டினான். பெரிய மதினி இரண்டு நாள் அந்தக் கொத்தனார்களை முறைத்துக்கொண்டே திரிந்தாள். "மெலிஞ்சதுக்குப் பரிசு போல" என்றாள் பிறகு. சின்ன மதினி எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காராமல் நழுவிவிடுவாள். அதற்கும் பெரிய மதினியிடம் ஒரு விளக்கம் இருந்தது. "நம்ம கூட இலைல உக்காந்தா அவ இடுப்புக்கு மவுசு கொறஞ்சிரும்லா?"

கடைசியில் பெரிய அண்ணனைப் பிடித்தாள். அவளுக்குப் பண்ணினதே எனக்கும் பண்ண வேண்டும் என்றாள். அப்பா போட்ட சட்டத்தை மீறி அறியாத அண்ணன் தலையாட்டினான். துணைக்குப் போனவள் நான்.

மதினி ஏறியதும் நர்சிங் ஹோம் தராசின் முள் கடைசிக்குப் போய் நின்றுவிட்டது. டாக்டர் ரத்தமெல்லாம் சோதித்துவிட்டு மறுவாரம் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"ரெண்டு விதம் இருக்கும்மா. உங்க ஓரகத்திக்குப் பண்ணினது குடல்ல. இன்னொண்ணு இரைப்பையில. மேல் பக்கத்துல சின்னக் கிண்ணம் அளவு மட்டும் பிரிச்சு, அதைக் குடலோட சேர்த்துடறது. நாலு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்சுடும். உங்களுக்கு ஏற்கெனவே மஞ்சக்காமாலை வந்திருக்கு. குடல்ல கை வச்சா ஈரல் தாங்காது. அதனால வயித்து ஆபரேஷன்தான்."

"அவ அளவுக்கு மெலிவேனா?"

"அவ்வளவு இளைக்க மாட்டேள். மெதுவாத்தான் குறையும்."

"அப்பம் எனக்கு வேண்டாம். கொறஞ்சதை எனக்குத் தள்ளப் பாக்குதீய."

டாக்டர் சிரிக்கவில்லை. "குறைஞ்சதா? இதுதாம்மா கஷ்டமான ஆபரேஷன். செலவும் இதுக்குத்தான் ஜாஸ்தி."

இதைக் கேட்டு மதினி கொஞ்சம் ஆடிப்போனாள். டாக்ஸி லஸ் தாண்டும்வரை விரல் விட்டு என்னவோ கணக்குப் போட்டாள். ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி அல்லவா, விலை கூடினது மட்டமாக இருக்க முடியாதே என்ற குழப்பம். தேனாம்பேட்டை வந்ததும் தெளிந்துவிட்டாள். "வெலை கூடி என்ன? அவ இடுப்பு வருமா?"

ஆபரேஷன் எதுவானாலும் முதலில் உடம்பைத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். எண்ணெய்ப் பண்டம் கூடாது, கொஞ்சம் எடை குறைத்தே வர வேண்டும், தினம் நடக்க வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமலிருக்க, தண்ணீர் பாட்டிலில் குழாயை விட்டு ஊதிக் குமிழி விட்டுப் பழக வேண்டும். மதினி எல்லாவற்றையும் ஆத்திரத்தோடு செய்தாள். காலையில் அடையாறுக்கே வந்து எலியட்ஸ் பீச்சில் மணலை மிதித்து நடப்பாள்; கூட நடந்த எனக்குத்தான் கால் விட்டுப்போகும். நர்சிங் ஹோமில் அவள் பாட்டில் ஊதுவதைப் பார்த்த ஆயா சரோஜாதேவி, "இன்னாம்மா இப்டி ஊதிக்கினுகீறே, பாட்டிலு ஒடஞ்சிடப் போவுது" என்று சிரித்தாள். பாட்டிலில் மதினிக்கு யார் முகம் தெரிந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் சொந்தமெல்லாம் தூக்குச்சட்டியோடு வந்தார்கள். கத்தி வைக்கும் முன் உடம்பில் தெம்பு ஏற்ற வேண்டுமாம். முந்திரிக்கொத்து, அதிரசம், நெய் வடியும் அல்வா. மெலிவதற்காக வெட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அல்வா! அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. முன்பெல்லாம் நாலு மணிக்கு இரண்டு மதினிகளும் ஒரு தட்டு முறுக்கை முடிக்காமல் எழுந்ததில்லை. பத்து டாக்டர் சொல்லிக் கேட்காத வாய், பொறாமை சொல்லிக் கேட்டது.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். எடை குறைந்திருந்தது, ஈரல் மட்டும் பழையபடிதான். குடலில் கை வைக்க மாட்டேன் என்று டாக்டர் முடிவாகச் சொன்னார். "நீரு பண்ணாட்டா பம்பாயில ஆள் இல்லையா?" என்று மதினி எழுந்து வந்துவிட்டாள். பெரிய அண்ணன் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டான். செத்துப்போவாய் மதினி என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "மெலிஞ்சு சாவேன்" என்றாள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று மத்தியானம் சின்ன மதினி அறைக்குள் வந்தாள். நானும் இருந்தேன்.

"அக்கா, எனக்குப் பண்ணினது உங்களுக்கு வேண்டாம். டாக்டர் சொல்லுத வயித்து ஆபரேஷனையே பண்ணிக்கிடுங்க" என்றாள்.

பெரிய மதினி கையிலிருந்த புடவையைப் பெட்டிக்குள் எறிந்தாள். "ஏன், நான் ஒன்னைப் போல ஆயிருவேன்னு பயமா? நீ மட்டும்தான் சிங்காரிச்சுக்கிட்டு நிக்கணுமோ?"

சின்ன மதினி கொண்டையிலிருந்து ஊசிகளை உருவினாள். கொண்டை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அத்தனையும் சவுரி. தலையில் மிச்சமிருந்தது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

"சாப்பிட்ட கையோட ஓடணும்க்கா. ராத்திரி பகல்னு கெடையாது. அதுக்குத்தான் அந்தக் கக்கூஸு. பந்தியில எப்படி உக்காருவேன்? இப்பம் கை காலு மூட்டெல்லாம் வலிக்கி. ஒங்க ஈரலுக்கு இதைத் தாங்க முடியாது."

"இவ்வளவையும் டாக்டர்ட்ட சொன்னியா?"

"பாதிதான் சொன்னேன். முழுசும் சொன்னா திரும்பச் சேத்துத் தச்சிருவாரு. பொறவு பழையபடி ஆயிருவேன்லா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேட்டி."

சின்ன மதினி சவுரியை மடியில் வைத்து நீவினாள். "இந்த வீட்டுக்கு வந்ததிலேருந்து நான்தான் ஒங்களைப் பாத்து வயிறெரிஞ்சேன். ஒங்களுக்கு ஆம்பளப் பிள்ளைய, ஒங்க இடுப்புல சாவி, எல்லாரும் ஒங்களைத்தான் கேப்பாக. மொத தடவையா நீங்க என்னைப் பாத்து வயிறெரிஞ்சீய. அதை விட மனசு வரல்லக்கா."

பெரிய மதினி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, அந்தச் சவுரியை வாங்கி, ஓரகத்தி தலையில் தானே வைத்துக் கொண்டை போட்டுவிட்டாள்.

மறுநாள் பம்பாய்க்குப் போகவில்லை, மயிலாப்பூருக்குப் போனோம். இவளை முதலில் பாருங்க என்று பெரிய மதினி சின்ன மதினியை டாக்டர் முன்னால் தள்ளினாள். டாக்டர் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டார். குடலைத் திரும்பச் சேர்த்துவிடலாம், எடை ஏறும் என்றார். சின்ன மதினி வேண்டாம் என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மருந்தும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, மாதாமாதம் வந்து ரத்தம் காட்டாவிட்டால் தானே வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினார். பெரிய மதினி வயிற்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

நல்லபடியாக நடந்தது. நாலு வாய்க்கு மேல் போனால் வாந்தி, அதற்கும் பழகிக்கொண்டாள். உடம்பு குறைந்தது, மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் சின்ன மதினி அளவுக்கு அவள் மெலியவே இல்லை.

அடுத்த வருஷம் எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் சின்ன மதினி வழக்கம்போல நழுவப் பார்த்தாள். பந்தியில் ஒருத்தி, "சுந்தரவல்லி நம்ம கூட உக்கார மாட்டாளோ?" என்று ஆரம்பித்தாள். பெரிய மதினி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "அவ கொடுத்து வச்சவ. நானும்தான் வெட்டிக்கிட்டேன், அவளை மாதிரி ஆக முடிஞ்சுதா? பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது."

வாசல்வரை போயிருந்த சின்ன மதினி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரிய மதினி சொன்னதில் எவ்வளவு அவளுக்காகச் சொன்னது, எவ்வளவு நிஜமாகவே எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே தெரிந்திருக்காது.