தடியா இருக்கிற கவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் கணவர் வைட்ஃபீல்டில் கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். கார் கடனில் வாங்கியது. நடுவில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். இரண்டு டியூ நின்றுபோனது. பேங்க் கணக்கில் பணமில்லை என்று அதற்கு அபராதம் வேறு. பைனான்ஸ் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "திங்கக்கிழமைக்குள்ள ஒரு டியூவாவது ஆபீஸுக்கு ரொக்கமா கொண்டாந்து கட்டுங்க. இல்லேன்னா வண்டிய எடுத்துருவோம்" என்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசலில் நின்று சொன்னார். வண்டி போனால் எங்கள் சோறு போச்சு. பல் டாக்டர் கிளினிக் ரிசப்ஷனில் உட்கார்ந்து நான் வாங்கும் சம்பளம், வாடகைக்கும் மகளின் ஸ்கூல் பீஸுக்குமே பத்தாது.

அந்த நாட்களில் வீட்டை நான் கவர் வைத்துத்தான் ஓட்டினேன். சிவாஜிநகரில் ஒரு கடையில் மொய்க்கவர் ஒரு கட்டு மலிவாகக் கிடைத்தது. மஞ்சள் கவர், மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. கையில் காசு வந்ததும் பிரித்துப் போட்டுவிடுவேன். எந்தக் கவர் எதற்கு என்று மடிப்புக்கு உள்பக்கம் பென்சிலில் எழுதி வைப்பேன். வாடகை, பால், கேஸ், ஸ்கூல், வண்டி டியூ. பால் கவர் காலியானால் கடுங்காப்பி, அவ்வளவுதான். ஒரு கவரில் இருந்து இன்னொன்றுக்குக் கை போகக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவளும் நான்தான், அதைக் காப்பாற்ற நாள் முழுக்க "இல்ல, வேணாம், அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவளும் நான்தான். இல்லை என்று சொல்லிச் சொல்லியே வாய் கசந்து போயிருந்தது.

இந்த லட்சணத்தில் எங்கள் கிளினிக் நர்ஸின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கணவர் இல்லாமல் ஒற்றையாளாக மகளைப் படிக்க வைத்தவர். சர்ச்சில் கல்யாணம், பக்கத்து ஹாலில் ஞாயிறு சாயங்காலம் விருந்து. போகாமல் இருக்க முடியாது. மொய்க்கு ஐந்நூறு ரூபாயைப் பிய்த்தெடுத்தேன். ஐந்நூறை ஒற்றை நோட்டாகப் போட்டால் கவர் தட்டையாக இருக்கும், மேடையில் மானம் போகும் என்று தோன்றியது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எல்லாவற்றையும் இருபது ரூபாய் நோட்டாக மாற்றிப் போட்டேன். கவர் நன்றாகப் புடைத்துக்கொண்டு நின்றது. எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமை.

கிளம்பும்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கணவரிடம் சொன்னேன், "பீரோல தடியா இருக்கிற கவர எடுத்து வெச்சுக்குங்க." அவரும் எடுத்து வைத்துக்கொண்டார். ஹாலில் யாரிடமோ பேனா வாங்கிக் கவரின் மேல் எங்கள் பெயரை எழுதினார். மேடையேறி, பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தி, சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். பிரியாணி நன்றாக இருந்தது. மகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை பைனான்ஸ் ஆபீஸுக்குப் புறப்பட்டபோது கவரைத் திறந்தேன். உள்ளே இருபது ரூபாய் நோட்டுகள். மடிப்பில் ஒன்றுமே எழுதியில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் எப்படியெப்படியோ சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டாயிரம் ரூபாய் டியூவை மொய்யாக எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.

"கவர மாத்திட்டீங்களே, உங்க கண்ணு எங்க போச்சு?" என்று கத்தினேன்.

"நீதானே தடியா இருக்கிறதுன்னு சொன்ன? ரெண்டும் தடியாத்தான் இருந்துது" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, "விடு. மொய்யத் திருப்பிக் கேட்ட முதல் ஆளுங்க நாமளா இருக்க வேணாம். வண்டிய எடுத்துக்கிட்டுப் போவட்டும்" என்றார். அந்த மனுஷன் அவ்வளவு அலுத்துப்போய்ப் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

எனக்கு மட்டும் மானம் இல்லையா? இருந்தது. ஆனால் மானத்தைப் பார்த்தால் வண்டி இல்லை. இருபது ரூபாய் நோட்டுகள் இருந்த கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சிஸ்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் பிச்சை மாதிரியே கேட்டது.

வாசலில் பெரிய செருப்பு ஒன்று கிடந்தது. உள்ளே பிரியாணி போட்ட காண்டிராக்டர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரித்த மொய்க்கவர்கள் கட்டில் மேல் குவிந்து கிடந்தன. சிஸ்டர் நோட்டுகளை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பதினஞ்சு சாவிர பாக்கி அக்கா. இவத்தே பேக்கு. நாளைக்குன்னா ஆகல்ல," என்றார் அவர். பதினைந்தாயிரம், இன்றைக்கே வேண்டுமாம்.

"எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனாப்பா? கட்டில்ல இருக்கிறது அவ்ளோதான், நீயே பாத்துக்க," என்றார் சிஸ்டர்.

எங்கள் பணமும் அந்த ஆளின் கைக்குப் போயிருக்கும். இனி கேட்டு என்ன பிரயோஜனம்? "சும்மா பொண்ணு போட்டோ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சிஸ்டர். அப்புறமா வரேன்," என்று திரும்பினேன்.

"எங்க ஓடுற? உள்ள வா," என்று கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். மிக்ஸிக்குப் பின்னால் இருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்து நீட்டினார்.

"என்னாம்மா இது? மொய்க்கவர்ல எவளாவது வண்டி டியூன்னு எழுதுவாளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நேத்தே பாத்துட்டேன். போன்ல சொன்னா சங்கடப்படுவியேன்னு நேர்லயே குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த ஆளு வந்து குந்திக்கினாரு."

எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை, கவர் அப்படியே இருந்தது. "அவருக்குப் பணம் குடுக்கணுமே சிஸ்டர்," என்றேன்.

"அவருக்கு நான் குடுக்கணும். நீ ஏன் குடுக்கணும்? இது உன் வண்டி. போய்க் கட்டு."

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே கைப்பையில் இருந்த கவரை எடுத்து, "இதுதான் சிஸ்டர் நாங்க வைக்க நெனச்சது," என்றேன். அதைக் கொடுக்கவும் கூசியது, கொடுக்காமல் போகவும் மனம் வரவில்லை. உனக்கே கஷ்டம், இதை நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடத்துக்குப் போய்க் கவரைப் பிரித்தார்.

"என்ன அக்கா, எல்லாம் சில்லறையா இருக்குது?" என்றார் காண்டிராக்டர்.

"பணம்தானே? எண்ணுப்பா," என்றார் சிஸ்டர்.

அன்றைக்கே டியூ கட்டினேன். வண்டி எங்களிடமே இருந்தது. காண்டிராக்டரின் பாக்கியைச் சிஸ்டர் எப்படித் தீர்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் கிளினிக்கில் அவர் எனக்கு டீ எடுத்து வந்து வைத்தபோது பார்த்தேன், இரண்டு கையிலும் எப்போதும் கிடக்கும் தங்க வளையல் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அடிக்கடி கை கழுவுறதுக்கு இடைஞ்சலா இருந்துது. கழட்டிட்டேன்," என்றார். அத்தனை வருஷமும் அதே கைகளைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கார் கடன் இன்னும் முடியவில்லை. மாதாமாதம் டியூ கட்டிவிட்டு வெளியே வரும்போது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாடு என்ற அலுப்புதான் வருகிறது. ஆனால் கஷ்டத்தில் இருப்பவர்களை நம்பிப் பணம் கொடுக்க முடியாது, கைக்கு வந்ததை விடமாட்டார்கள் என்று யாராவது பேசினால் மட்டும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. கடன்காரர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, கைக்கு வந்த பணத்தை இது உன் வண்டி என்று எடுத்து நீட்டிய ஒரு மனுஷியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.