நெட்டைக்கல்லும் கட்டைக்கல்லும்

பத்து வயதில் நான் எங்கள் வீட்டின் வெளிவிவகார அமைச்சர். அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவர் சமைக்கும் குசினிக்குள் தொடங்கிக் குசினிக்குள்ளேயே முடிந்துவிடும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வதிவிடப் பத்திரம் தரும் பிரிபெக்சர், டொக்டர், பள்ளிக்கூடம் என்று எங்கு போனாலும் நடுவில் நான்தான் நிற்பேன். அம்மா எனக்கு ஒரேயொரு விதிதான் சொல்லித் தந்திருந்தார்.

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு. கூடக் கதைச்சா இன்னொரு பேப்பர் கேப்பாங்கள்."

அந்த விதியை நான் அம்மாவைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா பத்து வசனம் சொன்னால் நான் ஒன்றைக் கொடுப்பேன். சிக்கலாகத் தோன்றினால் "அவருக்குத் தெரியாதாம்" என்று முடித்துவிடுவேன். தெரியாது என்றவரிடம் யாரும் மேற்கொண்டு பத்திரம் கேட்பதில்லை. என் கெட்டித்தனத்தைப் பற்றி எனக்கே பெரிய நினைப்பு.

பாரிஸின் லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ் உணவகத்தில் அப்பா சமையல். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா துப்புரவு வேலைக்குப் போய்விடுவதால் நான் உணவகத்தின் மூலை மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அதே புதன்கிழமைகளில் ஒரு ஒல்லாந்துக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சுற்றித் தோற்றுப்போய்க் கடைசியில் கையால் சாப்பிடுவார். அவர் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் இயக்குநராம், முதலாளி சொன்னார். அதிலிருந்து அவருக்கு மட்டும் அப்பளம் இரண்டு.

ஒரு புதன்கிழமை அவர் என் மேசைக்கு வந்து ஒரு படத்தின் பிரதியை விரித்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் அவர்களில் யாரோ மையால் கீறியது. ஒரு சந்தி, ஒரு தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒன்று நெட்டையும் ஒன்று கட்டையுமாக இரண்டு கல்தூண்கள். தன் கதையையும் ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். மாணவனாக இருந்தபோது பழைய படப்பெட்டிகளைத் தூசி தட்டும் வேலை கிடைத்ததாம். அப்போதே இந்தப் படம் கையில் அகப்பட்டதாம். பிறகு ஆராய்ச்சி, பட்டம், ஒன்றின்பின் ஒன்றாக அருங்காட்சியகங்கள், கடைசியில் பாரிஸில் இயக்குநர் நாற்காலி. போன இடமெல்லாம் படமும் கூடவே போனது. எந்த ஊர் என்பது மட்டும் பிடிபடவில்லை. தூண்கள் யாரோ ஒரு பிரபுவின் நினைவுச்சின்னம் என்று கட்டுரைகூட எழுதியிருந்தார். இளைப்பாறுவதற்கு முன்பு கடைசியாக ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார். அப்பா யாழ்ப்பாணத்தவர் என்று கேள்விப்பட்டாராம். அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஐயோ பிள்ளை, இது மாடு உரஞ்சிற கல்லு! எங்கட சந்தியிலை நிக்கிது. மற்ற ஊருகளிலை ஒண்டுதான் இருக்கும், எங்களிட்டை மட்டும் ரெண்டு. நெட்டை மாட்டுக்கு, கட்டை கண்டுக்குட்டிக்கு. இவர் நிண்டு கீறின இடத்திலைதான் எங்கட வீட்டுப் படலை. சொல்லு பிள்ளை, சொல்லு!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லாந்துக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பேனையின் மூடியைக் கழற்றிவிட்டார். எந்த ஊர்? எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார்? நிச்சயமாகத் தெரியுமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

இதே கேள்விகளைத்தான் பிரிபெக்சரிலும் கேட்டிருந்தார்கள். எங்கள் பத்திரங்கள் அப்போது இன்னும் முடிவாகவில்லை. போதாக்குறைக்கு, இவ்வளவு பெரிய மனிதரிடம் உங்கள் நினைவுச்சின்னம் மாடு முதுகு சொறிகிற கல் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் வேறு.

"அவருக்குத் தெரியாதாம்," என்றேன். "வேறு எதையோ நினைத்துச் சிரிக்கிறார்."

ஒல்லாந்துக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பேனையை மூடிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"நன்றியாம்."

அதுமட்டும் உண்மை. அன்று மாலைக்குள், எங்கட சந்தியைச் சுவரிலை மாட்டப் போறாங்கள் என்று உணவகத்தில் வேலை செய்த அத்தனை பேருக்கும் அப்பா சொல்லிவிட்டார்.

கண்காட்சிக்கு அழைப்பிதழும் வந்தது. அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டார். படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, கீழே இருந்த அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தார். நினைவுத்தூண்கள், இடம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"எங்கை பிள்ளை, ஊர்ப் பேரைக் காணேல்லை?"

"சுவரிலை இடம் காணாதாம் அப்பா. புத்தகத்திலை வடிவாப் போட்டிருக்காம்."

அப்பா தலையாட்டினார். மண்டபத்தின் மறுபக்கத்தில் ஆட்கள் நடுவே நின்ற ஒல்லாந்துக்காரர் எங்களைக் கண்டு கையை உயர்த்தினார். அப்பா நெஞ்சில் கைவைத்து, பெரிய உதவி ஒன்றைச் செய்துவிட்டு அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பவரைப்போலச் சிரித்தார். பத்தடி நடந்திருந்தால் அப்போதே எல்லாம் சரியாகியிருக்கும். நான் அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

வளர்ந்த பிறகு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று வருடங்களைக் கடத்தினேன். சென்ற மாதம் அப்பா அம்மாவைப் பார்க்கக் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸுக்குப் போகும் ரயிலில் அந்த ஒல்லாந்துக்காரருடைய மரணச்செய்தியை வாசித்தேன். வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு படத்தின் ஊரைக் கடைசிவரை தேடினார், கிடைக்கவில்லை என்பது அதன் கடைசி வரி.

வீட்டில் அப்பா தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார்: "அந்தப் புத்தகம் இப்ப எங்கையெண்டாலும் எடுக்கலாமே பிள்ளை?" தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

எங்களிடம் கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் எங்களைச் சோதிக்கத்தான் கேட்கிறார்கள் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன். தனக்குத் தெரியாத ஒன்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தும் ஒருவர் கேட்கலாம் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் அப்பாவிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.